காலுக்கு ஒரு ஜாக்கெட்

காட்பாடியில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. வருடத்தில் பாதி நாள் யாராவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பார். நம்மேல் இருக்கிற பாசத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள் லாட்ஜில் தங்குவார்கள். ஆம்பூர், குடியாத்தம் சொந்தங்கள் நம் வீட்டில். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் எப்போதும் யாருடைய எக்ஸ்ரேயாவது இருக்கும்.

அப்படித்தான் அத்தை வந்தாள்.

அத்தைக்கு ஆம்பூர் பக்கம் ஒரு கிராமம். 22 வருடமாக ஷூ கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்கு கம்பெனி பஸ் வரும். ஏறினால் சாயங்காலம்தான் இறக்கிவிடும். அத்தை இருப்பது செக்கிங்கில். தைத்து, ஒட்டி, பாலீஷ் போட்டு வருகிற ஷூவை டியூப் லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் ஒன்று தவறியிருக்கிறதா, பசை வெளியே வழிந்திருக்கிறதா, இடது கால் ஷூவும் வலது கால் ஷூவும் ஒரே கலரில் இருக்கிறதா. எல்லாம் நின்றுகொண்டு. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கப்போகிற காலெல்லாம் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து அனுப்புகிற கால், புடவைக்குள்ளே யாரும் பார்க்காமல் வீங்கிக்கொண்டிருந்தது.

"நரம்பு சுருட்டிக்கிச்சு டாக்டர்" என்றாள் அத்தை.

"நரம்பு இல்லம்மா, ரத்தக்குழாய்" என்றார் டாக்டர். வெரிகோஸ் வெயின். நம்மில் பாதிப் பேர் இதை நரம்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

விஷயம் சிக்கலானது இல்லை. இதயத்திலிருந்து ரத்தம் காலுக்கு இறங்குவது சுலபம். திரும்ப மேலே ஏறுவதுதான் கஷ்டம். நடக்கும்போது கெண்டைக்கால் சதை ரத்தக்குழாயைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளினது திரும்பக் கீழே வராமல் இருக்க உள்ளே சின்னச் சின்னக் கதவுகள். ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் சதைக்கு வேலை இல்லை. ரத்தம் தேங்குகிறது. குழாய் விரிகிறது. விரிந்தால் கதவுகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவ்வளவுதான், புடலங்காய் மாதிரி சுருண்டுகொண்டு தோலுக்கு மேலே தெரிய ஆரம்பிக்கும். அத்தைக்குக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரிப்பும் வந்துவிட்டிருந்தது. இப்படியே விட்டால் அடுத்தது ஆறாத புண் என்றார் டாக்டர். ஆபரேஷன் தேவையா என்று பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு ஸ்டாக்கிங்ஸ். சீட்டில் 'கிளாஸ் 2, முழங்கால் வரை' என்று எழுதினார்.

"ஒரே இடத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க."

அத்தை சிரித்துவிட்டாள். "நிக்கலேன்னா யாரு சார் துட்டு குடுப்பாங்கோ?"

ஸ்டாக்கிங்ஸ் வாங்குவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். வேலூரில் இல்லாத கடையா? சாயங்காலம் அத்தையைக் கூட்டிக்கொண்டு, நாலு மாடியில் ஜவுளியிலிருந்து ஜாதிக்காய் வரை விற்கிற ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். நம் ஊரில் ஹோசியரி என்று போர்டு போட்டால் பனியன், ஜட்டி என்று அர்த்தம். ஸ்டாக்கிங்ஸ் என்று கேட்டதும் முதல் மாடியில் ஸ்கூல் பிள்ளைகளின் வெள்ளை சாக்ஸைக் காட்டினார்கள். இரண்டாவது மாடியில் லெக்கிங்ஸ். மூன்றாவது மாடியில், பெண்கள் உள்ளாடைப் பிரிவில், நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் ஏணியில் ஏறி மேல் ஷெல்ஃபிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள்.

இருபது வயது இருக்கும். நீலக் கலர் யூனிஃபார்ம் புடவை. போளூர் பக்கம் ஏதோ ஊர் என்றாள்.

பாக்கெட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கால். 15 டெனியர் என்று போட்டிருந்தது. ஃப்ரீ சைஸ். 'ஸ்கின் கலர்'.

டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் கணக்கு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்று பார்ப்பார்கள். 15 டெனியர் என்றால், காட்பாடி ஜங்ஷனிலிருந்து வேலூர்க் கோட்டை வரை இழுத்துக் கட்டினாலும் மிச்சமிருக்கக்கூடிய நூல், மொத்தம் 15 கிராம். இரண்டு பவுனுக்கு ஒரு கிராம் குறைச்சல். அவ்வளவு மெல்லிசு. உள்ளே கையை விட்டால் ரேகை தெரிகிறது.

இந்த மெல்லிசுக்கு ஒரு காலத்தில் அடிதடியே நடந்திருக்கிறது. அதற்கு முன் பட்டில் பின்னிக்கொண்டிருந்த காலுறையை, அமெரிக்காவில் டுபாண்ட் கம்பெனி நைலானில் பின்னி, 1940 மே மாதம் நாடு முழுக்க விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொஞ்ச நாளில் யுத்தம். நைலான் எல்லாம் பாராசூட்டுக்குப் போய்விட்டது. யுத்தம் முடிந்து மறுபடி கடைக்கு வந்தபோது பிட்ஸ்பர்க் நகரில் 13,000 ஜோடிக்கு 40,000 பேர் வரிசையில் நின்றார்களாம். தீபாவளிக்கு முதல் நாள் ரங்கநாதன் தெருவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அது அழகுக்கான சமாசாரம். அத்தைக்கு வேண்டியது வைத்தியம். எனக்கு அந்த வித்தியாசம் அப்போது தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. கண்டுபிடித்தது அத்தைதான்.

பாக்கெட்டைப் பிரித்து, ஸ்டாக்கிங்ஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். கைமுஷ்டியை உள்ளே விட்டு லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். குதிகால் பக்கம் இழுத்துப் பார்த்தாள். கணுக்கால் பக்கம் இழுத்தாள். மேலே இழுத்தாள். 22 வருட செக்கிங் சும்மாவா?

"இது எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இழுக்குது நைனா. காலைப் புடிக்காது. நூலும் குதிகாலாண்ட ரெட்டையா போடல. நாலு நாள்ல பூடும். ரிஜெக்ட்டு."

பிறகு அந்த ஸ்டாக்கிங்ஸுக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னா கலர் சொன்னே கண்ணு?"

"ஸ்கின் கலர்மா."

"யாரு ஸ்கின்னு?"

அந்தப் பெண் தன் கையையும் பக்கத்தில் வைத்தாள். மூன்றும் மூன்று கலர். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளே ஏதோ உறுத்தியது. தோலுக்கென்றே பேர்போன பூமி இது. பழுப்பிலேயே பத்துப் பழுப்பு வைத்திருப்பார்கள். வெளிநாட்டுக்காரன் அனுப்பின சாம்பிள் துண்டுக்கு ஒரு சாயல் கூடினாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். அப்படிக் கலர் பார்க்கத் தெரிந்த ஊரில், தோல் கலர் என்று ஒரே ஒரு கலர், அதுவும் நம்முடையது இல்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அந்த இன்னொரு சாக்ஸ் போட்டா கால் வலிக்காதாம்மா?"

"ஏம்மா, உனக்கும் வலிக்குதா?"

"காலைல ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி ஒம்பதரைம்மா. சாப்பிடறப்போ மட்டும் உக்காருவோம்."

அத்தை குனிந்து அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தாள். புடவைக் கரைக்குக் கீழே கணுக்காலில், செருப்பு வார் பட்டிருந்த இடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் அவள் தோளைத் தட்டிவிட்டு வந்தாள். அங்கே சுற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பெட்ஷீட் பண்டல் உட்கார்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற தெருக்களில் சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக உண்டு. வங்காளியிலும் இந்தியிலும் போர்டு தொங்கும். அங்கே ஒன்றில் விசாரித்தோம். கவுண்ட்டரில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள், அத்தையின் காலைப் பார்த்தாள், "நாளைக்குக் காலைல வாங்க" என்றாள்.

"ஏன், ஸ்டாக் இல்லியா?"

"ஸ்டாக் இருக்கு சார். கால்தான் இப்ப அளவு சரியா காட்டாது. சாயங்காலம் வீங்கியிருக்கும். காலைல எழுந்ததும் நேரா வாங்க."

வியாபாரத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரரை நம்பலாம். மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றோம். அந்தப் பெண் திரையை இழுத்துவிட்டு, அத்தையை உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து அளவெடுத்தாள். கணுக்கால் சுற்றளவு, கெண்டைக்காலின் பருத்த இடம், முழங்காலுக்குக் கீழே, தரையிலிருந்து முழங்கால் வரை உயரம். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. திரைக்குப் பின்னாலிருந்து நம்பர்களைச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். ஜாக்கெட் தைக்க அளவு கொடுப்பது மாதிரியே இருந்தது.

"இன்னா நைனா இது, காலுக்கு ஜாக்கெட்டா?" என்றாள் அத்தை.

ஜாக்கெட் மாதிரிதான். ஆனால் இந்த ஜாக்கெட் கணுக்காலில் அதிகமாக இறுக்கும், மேலே போகப்போகப் பிடி தளரும். கிளாஸ் 2 என்று டாக்டர் எழுதியது அந்த இறுக்கத்தின் அளவு. ரத்த அழுத்தம் மாதிரியே பாதரசக் கணக்கு. ஐரோப்பியக் கணக்கில் கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் கான்ராட் ஜோப்ஸ்ட் என்று அமெரிக்காவில் குடியேறிய ஒரு ஜெர்மன்காரர். டாக்டர் இல்லை, இன்ஜினீயர். அவருக்கே காலில் இந்த வியாதி. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீரில் ஆழம் போகப்போக அழுத்தம் கூடும் இல்லையா? பாதத்தில் அதிகம், தொடையில் குறைவு. அதே அழுத்தத்தைத் துணியில் கொண்டுவர முடியுமா என்று யோசித்து 1950 வாக்கில் செய்து காட்டினார்.

இதை அத்தைக்கு எளிமையாகச் சொன்னேன். "இதப் போட்டுக்கிட்டா இடுப்பளவு தண்ணியில நிக்கிற மாதிரி. பாலாத்துல எறங்கி நின்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி."

"பாலாத்துல ஏதுடா தண்ணி?" என்றாள் அத்தை.

பதில் இல்லை. 2021 நவம்பர் வெள்ளத்தில் கரை புரண்டு ஓடியது. மற்றபடி நாங்கள் பாலம் தாண்டும்போதெல்லாம் பார்ப்பது மணலும் முள்செடியும்தான்.

அந்தப் பெண் இரண்டு ஜோடி எடுத்துவந்து வைத்தாள். அத்தை மறுபடி செக்கிங்கைத் தொடங்கினாள். உள்ளே வெளியே திருப்பி, லைட்டில் பிடித்து, இழுத்துப் பார்த்து, ஒரு ஜோடியில் கெண்டைக்கால் பக்கம் ஒரே ஒரு கண்ணி தளர்ந்திருப்பதைக் காட்டினாள். கடைப்பெண்ணுக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்துதான் தெரிந்தது. "நீங்க எங்கம்மா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். அத்தை சொன்னாள். அந்தக் குரலில் நான் இதுவரை கேட்டிராத ஒரு கம்பீரம்.

கலர் பற்றியும் கேட்டோம். கறுப்பு வேண்டுமானால் பத்து நாளாகும், கைவசம் இந்தக் கலர்தான் என்றாள். "பொடவைக்குள்ள யாரு பாக்கப் போறாங்கோ, குடு" என்றாள் அத்தை. விலை 2,400 ரூபாய். அத்தைக்கு ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம். நான் பர்ஸை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டாள். "என் காலுக்கு நான் வாங்கிக்கறேன்." சுருக்குப் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தாள்.

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் சொன்னாள்: "எத்தினி லட்சம் பேரு கால் அளவுக்கு ஷூ பாத்து அனுப்பிகிறேன். என் கால இன்னிக்குத்தான் ஒருத்தி அளந்தா."

வாங்கிவிட்டால் முடிந்ததா? மாட்டுவது தனி யுத்தம். காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன், கால் வீங்க ஆரம்பிக்காத நேரத்தில் மாட்ட வேண்டும். முதல் நாள் அத்தை ஒரு பக்கம் இழுக்க, என் மனைவி மறுபக்கம் இழுக்க, பாதி தூரத்தில் மெட்டியில் மாட்டிக்கொண்டது. நம் ஊர்ப் பெண்களுக்கு மெட்டி, கொலுசு இரண்டும் இருப்பது ஜோப்ஸ்டுக்குத் தெரிய நியாயமில்லை. கொலுசைக் கழற்றிவிட்டாள். மெட்டியைக் கழற்ற அத்தை சம்மதிக்கவில்லை. போனில் கடைப்பெண் வழி சொன்னாள். விரல் பக்கம் திறந்திருக்கிற மாடல் இது. முதலில் காலில் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு கவரை விரல் பக்கமாக உருவிவிடலாம். 2019-ல் தமிழ்நாட்டில் தடை செய்த கேரி பேக் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் தலைமறைவாக இருந்தது. வெளியே வந்து நல்ல காரியம் செய்தது.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது வேண்டியிருக்கும் என்பதால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். காலுக்கு இறங்குகிற ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் இந்த இறுக்கமே ஆபத்து. சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஃப்ரீ சைஸ் என்றால் வேண்டாம். டேப்பை எடுக்காத கடையிலும் வாங்க வேண்டாம். இரவு படுக்கும்போது கழற்றிவிட்டு, மிதமான சோப்பில் அலசி, பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். ஆறு மாதத்தில் பிடி தளரும், மாற்ற வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டிவிடாதீர்கள். சுருட்டினால் அந்த இடத்தில் கயிறு கட்டின மாதிரி ஆகிவிடும்.

இரண்டு மாதத்தில் அத்தைக்கு வீக்கம் வடிந்தது. அரிப்பு குறைந்தது. ஆனால் டாக்டர் சொன்ன இன்னொரு வைத்தியம் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. உட்காருவது.

நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி இருக்க வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். கடைப் பெண்களுக்கு அதுவும் இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த பி. விஜி என்ற பெண்மணி 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைச் சேர்த்து, உட்காரும் உரிமை கேட்டுப் பல வருடம் போராடினார். 2018-ல் கேரளாவில் சட்டம் வந்தது. 2021-ல் நம் சட்டசபையும் அதே மாதிரி சட்டத்தை நிறைவேற்றியது. கடைகளில் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும். இருக்கிறது. நான்தான் பார்த்தேனே, பெட்ஷீட் பண்டலுக்கு அடியில்.

தீபாவளிக்கு அத்தை மறுபடி வந்தாள். போனஸ் வந்திருந்தது. அதே பெரிய கடைக்குத்தான் போக வேண்டும் என்றாள். மூன்றாவது மாடிக்குப் போனால் அந்தப் பெண் இல்லை. விசாரித்து, புடவைப் பிரிவில் கண்டுபிடித்தோம். கூட்டத்துக்காக மாற்றியிருந்தார்கள். இங்கேயும் ஒரு ஸ்டூல். இங்கேயும் அதன்மேல் பண்டல்.

அத்தை பண்டலைத் தூக்கி கவுண்ட்டர்மேல் வைத்தாள். ஸ்டூலைக் காலால் நகர்த்தினாள்.

"குந்து கண்ணு."

அந்தப் பெண் கோடியில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

"அவன் கேட்டா நான் சொல்லிக்கறேன். கஸ்டமர் நானு. குந்து."

அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். அத்தை தானே ஒவ்வொரு புடவையாக எடுத்து, பிரித்து, லைட்டில் பிடித்து, முந்தானை பார்த்து, உள்பக்கம் பார்த்து, மடித்து வைத்தாள். சாதாரணமாக அத்தை புடவை எடுப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். அன்றைக்கு ஒரு புடவை வாங்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.